ஒத்தெல்லோ எறிந்த முத்து: கேள்வி பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில், பொறாமையில் மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற ஒத்தெல்லோ, சாகும்முன், தன் குலத்துச் செல்வமெல்லாம் ஈடாகாத முத்தை வீசியெறிந்த ‘இழிந்த இந்தியன்’ போன்றவன் தான் என்கிறான். என் நண்பர் வைத்திருக்கும் பதிப்பில் ‘யூதேயன்’ என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் பழைய பதிப்புகளில் உள்ள சொல்தான். 1622இல் தனி நூலாக வந்த குவார்ட்டோ பதிப்பில் ‘இண்டியன்’, மறு ஆண்டு நாடகங்களின் தொகுப்பாக வந்த ஃபோலியோ பதிப்பில் ‘ஜூடியன்’, அதாவது யூதேயன். ஷேக்ஸ்பியர் 1616லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்க ஆளில்லை.

கேள்வி: அச்சுப்பிழையாக இருக்குமோ?

பதில்: ஏதோ ஒன்று பிழைதான். அன்றைய அச்சில் ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே எழுத்து. இரு சொல்லையும் அப்படி ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஆறெழுத்தில் இரண்டுதான் மாறும். ‘இண்டியனில்’ இரண்டாம் எழுத்து என் (n). அச்சைத் தலைகீழாகக் கோத்தால் யு (u). நான்காவதில் ஐ (i), ஈ (e) குழப்பம். ஆனால் எது எதுவாகத் திரிந்தது என்று எழுத்து சொல்லாது.

கேள்வி: யார் அந்த யூதேயன்?

பதில்: இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்பார்கள் பலர். பொறாமையில் மனைவி மரியம்னேயைக் கொன்ற யூதேய அரசன் ஏரோது என்பாரும் உண்டு.

கேள்வி: நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: இந்தியன் கட்சி. யூதாஸ் தெரிந்தே செய்தவன், முப்பது வெள்ளிக்காசை வாங்கிக்கொண்டவன். ஒத்தெல்லோவுக்குத் தன் கையில் இருந்தது முத்து என்பதே கொன்ற பிறகுதான் உறைக்கிறது. குரங்கு கைப் பூமாலைதான், ஆனால் இந்தக் குரங்கு பிய்த்துப் போட்டுவிட்டு அழுகிறது. அதோடு, இந்தப் பேச்சில் அவன் தனக்காகத்தான் வாதாடுகிறான். ‘அறிவோடு நேசிக்கவில்லை, அளவுமீறி நேசித்தான்’ என்று தன்னைப்பற்றி எழுதச் சொன்னவன், அடுத்த மூச்சிலேயே தன்னைத் துரோகி என்பானா? எனக்கு ஒட்டவில்லை.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. கத்தியால் குத்திக்கொண்டதும், ‘கொல்லுமுன் உன்னை முத்தமிட்டேன்’ என்று டெஸ்டிமோனாவின் உடல்மேல் சாய்கிறான். யூதாஸும் முத்தமிட்டுத்தானே காட்டிக்கொடுத்தான்! ஃபோலியோக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்வி: இந்தியன் என்று நம்மையா திட்டுகிறார்?

பதில்: நம்மையும் இருக்கலாம், அமெரிக்கப் பழங்குடிகளையும் இருக்கலாம், அன்று இருவருக்கும் அதே பெயர். மணிகளின் மதிப்பு அறியாதவர்கள் என்று பயணிகள் கதைவிட்ட காலம் அது. கோபம் வந்தால் தப்பில்லை.

கேள்வி: ஒத்தெல்லோவாக நடிக்கிறேன். எந்தச் சொல்லைச் சொல்வது?

பதில்: இயக்குநரிடம் சண்டை வேண்டாம், அவர் சொல்வதையே சொல்லுங்கள். ‘முத்து’ என்னும்போது மட்டும் சபையைப் பார்க்காதீர்கள். அவள் பின்னால் கட்டிலில் கிடக்கிறாள்.