ஒரே டாக்டர், இரண்டு பில்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகளின் தோல் அலர்ஜிக்குப் பல வருடமாக ஒரே டாக்டரிடம்தான் போகிறோம். ஒவ்வொரு விசிட்டுக்கும் நம் பங்காக 40 டாலர் கோ-பே கட்டினால் முடிந்துவிடும். இந்த வருடம் அந்த கிளினிக்கை ஒரு பெரிய மருத்துவமனை வாங்கிவிட்டது. வாசல் போர்டு தவிர எதுவும் மாறவில்லை. ஆனால் போன தடவை டாக்டர் பெயரில் ஒரு பில், மருத்துவமனை பெயரில் 215 டாலருக்கு இன்னொரு பில். டாக்டரைக் கேட்டால், "இப்போ நான் சம்பளக்காரன், பில்லிங் என் கையில் இல்லை" என்கிறார். இது தவறுதலாக வந்த பில்லா?

பதில்: தவறுதலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. எரிச்சலே அதுதான்.

டாக்டர் சொன்னது உண்மை. மருத்துவமனையில் வேலைக்குச் சேரும்போது, தன் பெயரில் வரும் கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை அவர் மருத்துவமனைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இதனால் மட்டும் இரண்டாவது பில் முளைக்காது. கிளினிக்கை வாங்கிய பிறகும் பழையபடி சாதாரண டாக்டர் ஆபீஸாகவே பில் போடும் மருத்துவமனைகள் உண்டு. உங்கள் கிளினிக்கை மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் டாக்டரின் வேலைக்கு ஒரு கிளைம், இடம், நர்ஸ், கருவிகளுக்கு மருத்துவமனை பெயரில் இன்னொரு கிளைம் போடலாம். இந்த இரண்டாவதுதான் ஃபெசிலிட்டி ஃபீ. வாடகையும் நர்ஸ் சம்பளமும் மருத்துவமனைக் கணக்குக்குப் போய்விடுவதால், மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) போன்ற கட்டண முறைகளில் டாக்டரின் பங்கு கொஞ்சம் குறையும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஏறித்தான் இருக்கும்.

உங்கள் கையைக் கடிப்பது இன்னொரு விஷயம். பல பிளான்களில் கோ-பே டாக்டர் விசிட்டுக்கு மட்டும்தான். ஃபெசிலிட்டி ஃபீ "வெளிநோயாளர் மருத்துவமனைச் சேவை" என்ற தலைப்பில் போய் டிடக்டிபிளில், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நீங்களே கட்ட வேண்டிய தொகையில் விழும். டிடக்டிபிள் நிரம்பாத ஜனவரி, பிப்ரவரியில் போனால் முழுத்தொகையும் உங்கள் தலையில்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இ.ஓ.பி. (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விளக்கும் தாள்) வரும்வரை பணம் கட்டாதீர்கள். வந்ததும் அவர்களுக்குப் போன் போட்டு, டாக்டரின் கிளைமில் சேவை நடந்த இடத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். 11 என்றால் சாதாரண ஆபீஸ். 22 என்றால் மருத்துவமனை வளாகத்துக்குள், 19 என்றால் வளாகத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனைப் பிரிவு. டாக்டர் கிளைமில் 11 இருந்து, அதே விசிட்டுக்கு மருத்துவமனையும் தனியாகக் கேட்டிருந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை. தைரியமாக ஆட்சேபிக்கலாம்.

எண் சரியாக இருந்தாலும் பில்லிங் ஆபீஸில் பேசிப் பாருங்கள். முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்று எழுத்தில் கொடுத்தால் சில இடங்களில் குறைப்பார்கள். லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். நடுத்தர வருமானக்காரர்களுக்கும் சில இடங்களில் தள்ளுபடி உண்டு. நமக்கெல்லாம் கிடைக்காது என்று நம் ஆட்கள் கேட்பதே இல்லை!

அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு முன், "இந்த விலாசத்தில் ஃபெசிலிட்டி ஃபீ உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். அதே டாக்டர் வாரத்தில் ஒரு நாள், ஆபீஸாகப் பில் போடும் வேறு கிளையில் உட்காரலாம். அங்கே போனால் இந்தத் தொல்லையே இல்லை. மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கனெக்டிகட்டில் வளாகத்துக்கு வெளியே நடக்கும் சாதாரண விசிட்டுகளுக்கு, தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் நோயாளிகளிடம் ஃபெசிலிட்டி ஃபீ வாங்க 2017 முதல் தடை இருக்கிறது.

கேள்வி: மாமனாருக்கு மெடிகேர் இருக்கிறது. அவருக்கும் இதே கதைதானா?

பதில்: ஆமாம். மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளர் செலவைப் பார்க்கும் பார்ட் பி-யில் டாக்டர் கட்டணத்தில் 20 சதவீதம் அவர் பங்கு. மருத்துவமனைக் கட்டணத்துக்கும் தனியாகப் பங்கு கட்ட வேண்டும். மெடிகேப் (மெடிகேர் விட்ட பங்கைக் கட்டும் தனியார் துணை இன்ஷூரன்ஸ்) பாலிசி இருந்தால் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும். ஒரு ஆறுதல், மெடிகேரில் விதி கடுமை. வளாகத்துக்கு வெளியே உள்ள பிரிவு என்றால், அவர் பங்கு எவ்வளவு வரலாம் என்று சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்புறம், 2015 நவம்பரில் வந்த சட்டத்தாலும் அதற்குப் பின் வந்த விதிகளாலும், வெளிக் கிளினிக்குகளில் சாதாரண விசிட்டுக்கு மெடிகேர் கொடுக்கும் மருத்துவமனைக் கட்டணம் முன்பிருந்ததில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அவர் பங்கும் அதற்கேற்பக் குறையும். வளாகம் என்பது பிரதானக் கட்டடத்திலிருந்து 250 கெஜம் வரை. கார் பார்க்கிங்கைத் தாண்டி இருக்கும் கிளினிக்கும் உள்ளேதான் கணக்கு. தனியார் இன்ஷூரன்ஸை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்குக் கண் பரிசோதனை. கையிலிருந்துதான் கட்டப்போகிறோம். எவ்வளவு ஆகும் என்று முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். 2022 ஜனவரி முதல், இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கும் இன்ஷூரன்ஸைப் பயன்படுத்தாமல் தானே கட்டுபவருக்கும் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். கடைசி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் அரசிடம் தகராறு மனு கொடுக்கலாம். மதிப்பீட்டில் டாக்டர் கட்டணம் மட்டும் இருக்கிறதா, மருத்துவமனைக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே தாளில் இல்லாவிட்டால் மருத்துவமனையிடம் தனியாக இன்னொன்று கேளுங்கள்.