ஒட்டுமா, ஒட்டாதா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ‘காந்தம் உலோகங்களை ஈர்க்கும்’ என்று என் மாணவர்கள் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால், செம்புக் கம்பி ஏன் ஒட்டவில்லை என்று ஒரு சிறுமி கேட்டபோது வகுப்பே விழித்தது. செயல்பாடுகளை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்தச் சிறுமியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அவர்கள் ஒப்பிக்கும் வாக்கியம்தான் தவறு. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற வெகு சில உலோகங்களையே காந்தம் வலுவாக ஈர்க்கும். இதை நீங்களாகச் சொல்லிவிட வேண்டாம். ஆணி, ஜெம் கிளிப், செம்புக் கம்பி, அலுமினியத் தாள், பித்தளைச் சாவி, அழிப்பான், இரண்டு மூன்று எவர்சில்வர் கரண்டிகள் ஆகியவற்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, எது ஒட்டும், எது ஒட்டாது என்று காந்தத்தைத் தருவதற்கு முன்பே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஊகிக்காமல் தொட்டுப் பார்க்கும் குழந்தைக்கு அது வெறும் விளையாட்டு. ஊகித்துவிட்டுத் தொடும் குழந்தையோ, பித்தளைச் சாவி ஒட்டாததைக் கண்டு மறுமுறையும் தொட்டுப் பார்க்கும். கரண்டிகளால் சச்சரவு எழும், எழட்டும். எவர்சில்வரில் சில வகை ஒட்டும், சில வகை ஒட்டாது; கலவையில் போதிய நிக்கல் சேர்ந்தால் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறிவிடுவதே அதற்குக் காரணம். தனியாக ஒட்டும் நிக்கல், இரும்போடு சேர்ந்து அதையும் ஒட்டாமல் செய்வது வேடிக்கைதான். மூன்றாம் வகுப்புக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

அடுத்த நாள் ஊசியை எடுங்கள். காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், முப்பது நாற்பது முறை தேய்த்த தையல் ஊசியைத் தக்கைத் துண்டின்மேல் கிடத்தி, பிளாஸ்டிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டால், எப்படித் திருப்பிவிட்டாலும் அது வடக்கு தெற்காகவே வந்து நிற்கும். காந்தத்தை மட்டும் தொலைவில் வைத்துவிட வேண்டும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று இங்கிலாந்து அறிவியலாளர் வில்லியம் கில்பர்ட் 1600இல் எழுதினார் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது. இரும்புத் தூளை மூடிய கண்ணாடிப் புட்டிக்குள்ளேயே வைத்துக் காட்டுங்கள். காந்தத்தில் நேரடியாக ஒட்டிவிட்டால், துடைத்தெடுப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

கேள்வி: பழைய பொம்மைகளிலிருந்து எடுத்த சிறு காந்தங்களைக் குழந்தைகளுக்குத் தரலாமா?

பதில்: கூடாது. அவற்றில் பல, ஆற்றல் மிகுந்த நியோடிமியம் காந்தங்களாக இருக்கக்கூடும். இரண்டை விழுங்கிவிட்டால், குடல் சுவர்களை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடலாம். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, வலி வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாய்க்குள் போகாத அளவுள்ள பட்டைக் காந்தங்களே வகுப்பறைக்கு ஏற்றவை.