அழுவது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் மறைந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தவர். அவருடைய பாடக் குறிப்பேடுகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. இன்றும் காலையில் என்னையறியாமல் இரண்டு தம்ளர் காபி ஆற்றிவிடுகிறேன். பிறகுதான் நினைவு வருகிறது. “அவர் பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார், நீங்கள் அழுவது அவிசுவாசம்” என்று அடக்க ஆராதனை நாளிலிருந்தே சபையார் சொல்லி வருகிறார்கள். அங்கே அவரை நான் அடையாளம் கண்டுகொள்வேனா? எனக்கு இனி இங்கே என்ன வேலை, சீக்கிரம் போய்விட்டால் போதும் என்று தோன்றுகிறதே, அது பாவமா? கல்லறைக் கல்லில் என்ன பொறிப்பது என்பதிலும் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காபியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியை மூன்று முறை படித்தேன். அந்த இரண்டாவது தம்ளரை யாராவது அவிசுவாசம் என்று சொன்னால், அவர்கள் வேதத்தை அவசரமாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அவர்கள் மனத்தில் இருப்பது தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரமாக இருக்கலாம். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நிருபம், புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று. எதிர்ப்பின் காரணமாகப் பவுல் இரவோடு இரவாக அந்த ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதற்குப்பின் அந்த இளம் சபையில் சிலர் இறந்துபோனார்கள். கர்த்தர் வருவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டவர்களுக்கு அந்த மகிமையில் பங்கு இல்லாமல் போய்விடுமோ என்று உயிரோடிருந்தவர்கள் கலங்கினார்கள். அவர்களுக்குத்தான், “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்” துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதினார். ‘மற்றவர்களைப்போல’ என்ற சொல்லை விட்டுவிட்டு வாசிப்பதால் வரும் குழப்பமே உங்களை இந்த ஏழு மாதமாக வாட்டியிருக்கிறது. துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மீண்டும் காண்போம் என்ற எதிர்பார்ப்பே இல்லாதவர்கள் படும் துக்கத்திலிருந்து நம்முடையது வேறுபட்டது என்றுதான் சொன்னார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவானின் மரணத்தைப் பாருங்கள். வானங்கள் திறந்திருப்பதையும் இயேசு தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்பதையும் காண்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கல்லெறியுண்டு இறந்தவர் அவர். அவர் எங்கே போனார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்திருக்க இடமில்லை. அப்படியிருந்தும் அடுத்த அதிகாரத்தில், தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி, அவருக்காக “மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்” என்று எழுதியிருக்கிறது. (நம் பக்கத்துத் துக்கவீட்டுப் பேச்சை அப்படியே எடுத்துப் போட்ட மொழிபெயர்ப்பாளர்களை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும்.) அழுதவர்களை, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அவிசுவாசிகள் என்று எழுதவில்லை, தேவபக்தியுள்ளவர்கள் என்றே எழுதினார்.

பவுல் மட்டும் என்ன? “சாவு எனக்கு ஆதாயம்” என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே நிருபத்தில், தம் உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாவின் விளிம்புவரை போனதைச் சொல்கிறார். அவனுக்கு ஆதாயம்தானே என்று அவர் இருந்துவிடவில்லை. தேவன் அவனுக்கு இரங்கினார், “துக்கத்தின்மேல் துக்கம்” உண்டாகாதபடிக்குத் தமக்கும் இரங்கினார் என்கிறார். லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டதை நீங்களே அறிவீர்கள். சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர்தான் அழுதார். ஆகவே, அடுத்த முறை யாராவது உங்களைத் தடுத்தால், வாதாட வேண்டாம், அழுதுகொண்டே இருங்கள்.

அடையாளம் காண்பீர்களா என்ற கேள்விக்கு வேதம் விவரமாகப் பதில் தரவில்லை; அது சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்று ஆண்டவர், உயிர்த்தெழுதலே இல்லை என்று சாதித்த சதுசேயரிடம் சொன்னதை வைத்து, பூமியின் உறவு முழுவதும் அங்கே அழிந்துபோகும் என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. ஏழு சகோதரர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் யாருக்கு மனைவியாவாள் என்று அவரை மடக்க வந்தவர்களுக்குச் சொன்ன பதில் அது. அங்கே திருமண ஏற்பாடு இராது என்றுதான் அதில் இருக்கிறது. அன்புகூர்ந்தவர்களை மறந்துபோவோம் என்று இல்லை.

இதைவிடத் தெளிவான வெளிச்சம் உயிர்த்தெழுந்த கர்த்தரிடமே கிடைக்கிறது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்று சொல்கிறோம். புகைபோல மிதக்கும் ஆவியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவருடைய கைகளில் ஆணிகளின் காயம் இருந்தது. பொரித்த மீன்கண்டம் ஒன்றை வாங்கிச் சீஷர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனை வைத்துவிட்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களை, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்று அழைத்தார். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்றே எண்ணினாள். அவர் “மரியாளே” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அறிந்துகொண்டாள். அந்த நேரம் அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள் என்பதை உங்கள் சபையார் கவனிக்க வேண்டும். மரணத்தைக் கடந்து வந்தவருக்குக் குரலும், பழைய காயமும், பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமும் மிஞ்சியிருந்தன என்றால், உங்கள் கணவரை நீங்கள் அறிவீர்கள் என்று நம்புவதற்கு எனக்கு அதுவே போதுமானது.

சீக்கிரம் போய்விட வேண்டும் என்ற ஏக்கத்தைப் பவுலும் மறைக்கவில்லை. கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை என்று எழுதிவிட்டு, தாம் சரீரத்தில் தரித்திருப்பது பிலிப்பியருக்கு அதிக அவசியம் என்று அடுத்த வரியிலேயே தங்கிவிடுகிறார். ஏக்கம் பாவமல்ல. ஆனால் அது உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணமாக எந்த இரவிலாவது மாறினால், தயவுசெய்து ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நேரமே மகனையோ மகளையோ எழுப்பிச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அப்படிச் செய்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

‘எனக்கு இங்கே என்ன வேலை’ என்பதற்கு 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை முடிவுவரை வாசித்து, நிறுத்தாமல் 16-க்குப் போங்கள். எக்காளம் தொனிக்கும், மரித்தோர் அழிவில்லாதவர்களாய் எழுந்திருப்பார்கள் என்று உச்சிக்குக் கொண்டுபோன பவுல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் “விருதாவாயிராது” என்று இறங்கி, உடனே எருசலேமின் ஏழைகளுக்காக வாரத்தின் முதல்நாள்தோறும் பணம் எடுத்துவைக்கும் கணக்குக்கு வந்துவிடுகிறார். அதிகாரப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் போடப்பட்டவை; அவர் எழுதியபோது எக்காளத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே எந்தக் கோடும் இல்லை. அலமாரியில் இருக்கும் அந்தக் குறிப்பேடுகளை எடுங்கள். இப்போது வகுப்பு எடுக்கிறவர் அநேகமாக இளையவராக இருப்பார், தடுமாறிக்கொண்டும் இருப்பார். ஒரு ஞாயிறு போய் அவரருகே உட்கார்ந்து, மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கும் பத்து நிமிடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் குரல் உடையும்; பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

கல்லைப் பற்றி: நீளமான வசனம் வேண்டாம், சிறு கல்லில் எழுத்து நெருங்கிவிடும். 1 தெசலோனிக்கேயர் 4:17-இல் உயிரோடிருக்கும் நாமும் “அவர்களோடேகூட” எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று வருகிறது. கலங்கிய அந்தச் சபைக்குப் பவுல் கொடுத்த பதில் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது; உங்கள் கேள்விக்கும் அது பொருந்தும். பிள்ளைகள் வேறு வசனம் விரும்பினால் விட்டுக்கொடுங்கள். பெயருக்குக் கீழே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாம் இன்று செமிட்ரி என்று சொல்லும் சொல், ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் அடக்க நிலத்துக்கு வழங்கிய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. உறங்குமிடம் என்று அதற்குப் பொருள்.