ஓடுற புள்ளைக்கு கெம்பஸ் பாக்குறது: ஏஜென்டுக்கு மூணரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டம். தங்கச்சி 1500 மீட்டர் ஓடுவா, மாகாண மட்டத்துல ரெண்டு தடவ இடம் எடுத்து தேசிய மட்டத்துக்கும் போய் வந்தா, இந்த வருஷம் ஏ.எல். எழுதுறா. கண்டியில ஒரு ஏஜென்ட் அமெரிக்காவுல ஸ்போர்ட்ஸ் ஸ்கொலர்ஷிப் ஷுவரா எடுத்துத் தாரேன்னு இப்ப 350,000 ரூபா கட்டச் சொல்றாரு, கெடைச்ச பிறகு ஸ்கொலர்ஷிப் காசுல 10% தரணுமாம். கொழும்புல ஒரு தனியார் கெம்பஸும் விளையாட்டுக்கு 25% கழிக்கிறோம்னு சொல்லுது, ப்ரோஷர்ல நீச்சல் தடாகம், ஜிம் எல்லாம் இருக்கு. அம்மாவோட ஈபீஎஃப் காசு வந்து கெடக்கு. ஸ்போர்ட்ஸுக்கு எந்த கெம்பஸ் நல்லதுன்னு எத வச்சு முடிவெடுக்குறது?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஈபீஎஃப் காசு கெடக்குற பேங்க் புத்தகத்த பெட்டியில வச்சுப் பூட்டச் சொல்லுங்க, மிச்சத்த பிறகு பேசலாம்.

ஷுவரான்னு சொல்ற ஆளு ஸ்கொலர்ஷிப் குடுக்குற ஆளு இல்ல. அங்க புள்ளைய எடுக்குறதும் காசு ஒதுக்குறதும் அந்த டீமோட கோச். அதவிட பயங்கரம் அந்த 10%. அமெரிக்க கெம்பஸ் விளையாட்ட நடத்துற பெரிய சங்கம் என்சிஏஏ, அவங்க விதிப்படி புள்ளையோட வீடியோ, டைம் எல்லாம் சேத்து கோச்மாருக்கு அனுப்புறதுக்கு ஒருத்தர் கூலி வாங்கலாம், ஆனா ஸ்கொலர்ஷிப் கெடைச்சா இவ்வளவுன்னு பேசி வாங்குனா புள்ளையோட ஓடுற தகுதிக்கே ஆபத்து. அதாவது உங்க கைக்காச குடுத்து தங்கச்சி பேருல நீங்களே கறுப்புப்புள்ளி வைக்கிறீங்க. அவரு செய்யப் போற வேலைய ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தா நீங்களே செய்யலாம், ஒவ்வொரு கெம்பஸ் டீம் பக்கத்துலயும் கோச்சோட ஈமெயில் கெடக்கு, சேர விரும்புற புள்ளைங்களுக்குன்னு ஒரு ஃபோர்மும் இருக்கு, நிரப்புறதுக்கு சல்லி கேக்க மாட்டாங்க. அனுப்பும்போது டைம் புல்லுக் கிரவுண்டுல எடுத்ததா இல்ல தியகம, சுகததாச ஸ்டேடியம் மாதிரி சிந்தெடிக் தடத்துல எடுத்ததான்னு கட்டாயம் போடுங்க, கையில ஸ்டொப்வொச் புடிச்ச டைம அவங்க அவ்வளவா நம்ப மாட்டாங்க.

இன்னொன்னு, அமெரிக்கா போனா எல்லாருக்கும் ஸ்கொலர்ஷிப்னு ஒரு கதை நம்ம பக்கம் ஓடுது. என்சிஏஏல மூணு டிவிஷன், அதுல மூணாவது டிவிஷன் கெம்பஸ்கள் விளையாட்டுக்குன்னு ஒரு சதமும் குடுக்குறதில்ல. மொதல் டிவிஷன்ல இருக்குற ஹார்வர்ட் கூட ஓட்டத்துக்காக குடுக்காது, வசதியில்லாத புள்ளைன்னு குடுக்கும், அது வேற கணக்கு, படிப்புல உள்ள வரணும். குடுக்குற இடத்துலயும் ஓட்டத்துக்கு உள்ளத துண்டு துண்டா பிச்சுத்தான் குடுப்பாங்க. சும்மா கணக்குக்கு வருஷச் செலவு 40,000 டொலர்னு வைங்க, பாதி ஸ்கொலர்ஷிப்னு சொன்னா கேக்க இனிக்கும், மிச்சம் 20,000 டொலர் பேங்க்ல இருக்குன்னு காட்டினாத்தான் விசாவுக்கு கெம்பஸ் தர்ற ஐ-20 கடிதமே வரும், அது இல்லாம விசா இல்ல. எஃப்-1ங்குற மாணவர் விசாவுல படிக்கிற காலத்துல கெம்பஸுக்குள்ளயே கிழமைக்கு 20 மணித்தியாலம் வரைக்குந்தான் வேலை செய்யலாம், அத வச்சு அந்த மிச்சத்த அடைக்க ஏலாது.

சரி, டீம் நல்ல டீமான்னு எப்படி பாக்குறது. இதுக்கு நான் ப்ரோஷர தொடவே மாட்டேன். டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ்.னு ஒரு இணையதளம் இருக்கு, அமெரிக்க கெம்பஸ் மெய்வல்லுநர் ரிசல்ட் எல்லாம் அங்க திறந்து கெடக்கு. ஒரு இரவு உக்காந்து நீங்களும் தங்கச்சியும் ஒரு டீம எடுத்து 1500 மீட்டர் ஓடுற புள்ளைங்கள மட்டும் பாருங்க. தங்கச்சியோட டைம் அந்த வரிசையில எங்க விழுதுன்னு பாக்கணும், மொத ஆளா விழுந்தா அவளுக்குக் கூட ஓட ஆள் இல்ல, கடைசியிலயும் எட்டாத தூரத்துல விழுந்தா அந்தக் கோச் பதிலே போட மாட்டாரு. அதுக்குப் பிறகு முக்கியமானது, மொத வருஷம் 4.45 (4 நிமிஷம் 45 செக்கன்) ஓடின புள்ள மூணாவது வருஷம் 4.30 ஓடுதா, அதே 4.45 தானா, இல்ல ரெண்டாம் வருஷத்தோட பேரே காணாம போயிருச்சா? ஒரு டீம்ல மூணு நாலு பேரு இப்படி காணாம போனா, காயமோ சண்டையோ டிரான்ஸ்ஃபரோ தெரியல, ஆனா கோச்சுக்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி அதுதான். வருஷத்துல மூணு சீசன், அதுல கிரொஸ் கன்ட்ரியில, அதாவது தடத்துல இல்லாம புல்லு, மேடு பள்ளத்துல ஓடுற தூர ஓட்டத்துல, பொம்பளப் புள்ளைங்க 6 கிலோமீட்டர் ஓடணும், 1500 மட்டும்தான் ஓடுவேன்னு போற புள்ளைக்கு அது பெரிய அடி. நம்ம மேட்டு நிலம் இதுக்கு நல்ல பழக்கந்தான்.

கோச் பதில் போட்டா வெக்கப்படாம கேளுங்க: ஸ்கொலர்ஷிப் ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா, எழுத்துல தருவீங்களா, கால்ல காயம் பட்டு ஒரு சீசன் ஓடாட்டி என்ன நடக்கும். 2025ல இருந்து, விளையாடுற புள்ளைங்களுக்கு கெம்பஸே காசு குடுக்கலாம்னு கோர்ட்டுல முடிஞ்ச புது ஒப்பந்தத்துக்குள்ள வந்த மொதல் டிவிஷன் கெம்பஸ்கள்ல டீமுக்கு இத்தன பேருன்னு தலைக்கணக்கு வந்திருச்சு, கிரொஸ் கன்ட்ரிக்கு 17 பேரு, அதனால எடம் இருக்கான்னு இந்த வருஷக் கணக்குல கேக்கணும். சீசன்ல பயிற்சி கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா பயணம் அதுல சேராது. ஏ.எல். ரெண்டாந்தடவ மூணாந்தடவன்னு இழுத்துக்கிட்டு கிளப்புக்கு ஓடிட்டு இருந்தா ஓடக்கூடிய வருஷம் குறையலாம், அதையும் கேட்டுக்குங்க.

கொழும்பு கெம்பஸ் கதைக்கு வாரேன். என் சித்தி மகன் இதே மாதிரி 25%ன்னு வொலிபோலுக்குச் சேந்தான், கெம்பஸ் பேரு வேண்டாம். கழிச்சது டியூஷன் பீஸ்ல மட்டும், ரெஜிஸ்ட்ரேஷன், எக்ஸாம் பீஸ் முழுசா கட்டினோம், அந்தக் கழிவும் கடைசி வருஷத்துல தான் வந்துச்சு. கிரவுண்ட் வாடகைக் கிரவுண்ட், பஸ் 4.30க்கு கெளம்பும், இவனுக்கு லெக்சர் 5.30 வரைக்கும், செமஸ்டர் முழுக்க பயிற்சிக்கு போனது ஆறு நாள். ப்ரோஷர்ல இருந்த தடாகம் பக்கத்துல உள்ள ஹோட்டலோடது! அதனால ஒரு புதன்கிழமை சாயந்தரம் சொல்லாம போய் கிரவுண்ட பாருங்க, தூர ஓட்டத்துக்குன்னு கோச் இருக்காரா இல்ல கிரிக்கெட் கோச்சே விசில் ஊதுறாரான்னு பாருங்க, தங்கச்சி சேரப்போற கோர்ஸோட டைம்டேபிள வாங்கி பயிற்சி நேரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்தப் பட்டம் ஏத்துக்கொள்ளப்பட்டதான்னு யூஜீசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தளத்துல தேடிட்டுத்தான் காசு கட்டணும்.

கேள்வி: தேங்க்ஸ் அக்கா, இன்னும் ஒன்னு. இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளிக்கு கீழ வந்தா நம்ம அரசாங்க கெம்பஸுக்கு ஓட்டத்த வச்சு போக ஏலாதா?

பதில்: ஏலும், நான் இத மொதல்லயே சொல்லியிருக்கணும். விசேஷ திறமை உள்ளவங்களுக்குன்னு யூஜீசி ஒரு விசேஷ அனுமதி வச்சிருக்கு, ஆனா எடம் ரொம்பக் கொஞ்சம், தேசிய மட்டத்துலயாவது சாதிச்சிருக்கணும், மாகாணத்தோட நின்னா போதாது. ஏ.எல். மூணு பாடமும் ஒரே தடவையில பாஸாகி, ஏ.எல்.லோட சேத்து எழுதுற பொதுப்பரீட்சையில 30 புள்ளி எடுத்திருக்கணும், ஓட்டம் ஓட்டம்னு படிப்ப விட்டா அந்தக் கதவும் மூடிரும். பெலிஹுல்ஓயாவுல சப்ரகமுவ பல்கலைக்கழகத்துல விளையாட்டு விஞ்ஞானம் பட்டமாவே இருக்கு, அதையும் பாருங்க. பேராதனைக்கு எடம் கெடைச்சா வீட்டுக்கும் கிட்ட, பீடங்களுக்கு இடையில போட்டி, மூணு வருஷத்துக்கு ஒருக்கா எல்லா பல்கலைக்கழகமும் சேர்ற விளையாட்டு விழான்னு ஓட எடம் இருக்கு, டியூஷன் பீஸும் இல்ல.

சர்டிபிகேட் எல்லாத்தையும் இன்னைக்கே போட்டோகொப்பி எடுத்து வைங்க, ஒரிஜினல பொலித்தீன்ல சுத்தி வைங்க. லயத்துக் கூரை ஒழுகி மாகாண மட்ட சர்டிபிகேட் மை கரைஞ்சு போன புள்ளைய எனக்குத் தெரியும், புதுசு எடுக்க மாகாண கல்வித் திணைக்களத்துக்கு நாலு தடவ நடந்தா.