சொஃப்ட்போலில் ‘குரோ ஹொப்’ என்றால் என்ன? நடுவர் அதை ஏன் பிழை என்கிறார்?

இது பிச்சரின் (பந்தெறிபவரின்) காலில் நடக்கும் பிழை. (மென்பந்துக் கிரிக்கெட்டைச் சொல்லவில்லை, கையை முழுவட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து எறியும் ஃபாஸ்ட்பிட்ச்.) பிச்சர் ஊன்றுகாலால் எறிபலகையை உந்தித்தான் புறப்பட வேண்டும். அந்தக் கால் பலகையை விட்டு முன்னே போய் நிலத்தில் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்திப் பந்தை விட்டால் அது குரோ ஹொப்.

காரணம் தூரம். பலகையிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு (துடுப்பாளர் நிற்கும் இடத்திலுள்ள தட்டு) பெண்கள் போட்டியில் 43 அடிதான், ஆண்களுக்கு 46. இரண்டாவது உந்தல் அந்தத் தூரத்தையும் குறைத்து, வேகத்தையும் கூட்டிவிடும். முப்பாய்ச்சல் பாய்ந்துவிட்டு, நீளம் பாய்தலாக அளக்கச் சொல்வது போன்றது.

பிடிப்பது லேசில்லை. பிளேட் நடுவரின் கண் பந்தில் இருக்கும். ஆகவே பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) பக்கம் நிற்கும் நடுவர்தான் காலைப் பார்க்க வேண்டும். உரும்பிராய்ப் பக்கச் செம்மண் தரையென்றால் தடமும் உதவும். ஊன்றுகால் இழுபட்ட கோடு அறாமல் போனால் பிரச்சினையில்லை. கோடு அறுந்து, முன்னால் ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தால் அடுத்த எறியைக் கவனியுங்கள். தடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பந்து கையை விடுமுன் கால் மறுபடி உந்தியதா என்பதே கேள்வி.

பிழையென்றால் நடுவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் நிற்காது. அடித்தவர் முதல் பேஸை எட்டி, ஏற்கெனவே பேஸில் நின்றவர்களும் ஒவ்வொரு பேஸாவது முன்னேறினால் பிழை கணக்கில் வராது. இல்லாவிட்டால் துடுப்பாளருக்கு ஒரு ‘போல்’ (அவருக்குச் சாதகமாக எண்ணப்படும் தவறான எறி) கிடைக்கும்.

இரண்டு காலும் காற்றில் இருந்தாலே பிழை என்று பலர் கத்துவார்கள். அமெரிக்கக் கல்லூரி விதிகள் 2024 முதல் அதை அனுமதிக்கின்றன, மறுபடி ஊன்றி உந்துவதைத்தான் இன்னும் தடுக்கின்றன.