சிவப்புத் துணியைச் சோதிக்காமல் அனுப்பாதீர்கள்

கேள்வி: குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்களுக்காக ஈரோட்டில் மொத்தமாகக் காட்டன் துணி எடுத்து, வெட்டி, ஆன்லைனில் விற்கிறேன். ஆர்டர் வருகிறது. ஆனால் ‘சாயம் இறங்கிவிட்டது’, ‘அளவு குறைகிறது’ என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் கோபம் நியாயமானது. சட்டைத்துணி சாயம் போனால் ஒரு சட்டையோடு போகும். குவில்ட்டில் ஒரு சிவப்புத் துண்டு இறங்கினால் பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸாகி, மாதக்கணக்கில் தைத்தது பாழ்.

இனி ஒவ்வொரு துணித் தானும் (முழுச் சுருள்) வந்ததும் அதில் 30 செ.மீ. சதுரம் வெட்டி, அதற்குள் 25 செ.மீ. சதுரத்தை அழியாத பேனாவால் வரையுங்கள். வெள்ளைத் துணி ஒன்றோடு சோப்பு கலந்த வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அலசி, காய்ந்ததும் அளந்து பாருங்கள். 25 செ.மீ. 24 ஆகியிருந்தால் சுருக்கம் 4 சதவீதம். அதை விற்பனைப் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். வெள்ளையில் நிறம் ஏறியிருந்தால் அந்தத் தானைக் குவில்ட்டுக்கு விற்கவே வேண்டாம். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். இன்றைய ரியாக்டிவ் சாயத்துக்கு (நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) அது பலிக்காது.

அளவு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். இறுக்கிச் சுற்றிய துணி இழுபட்டிருக்கும்; பிரித்த கையோடு வெட்டினால் பிறகு உள்வாங்கிவிடும். முந்தைய இரவே பிரித்துத் தளர்வாக மடித்து வையுங்கள். காலையில் ஊடை நூல் (அகலவாக்கில் குறுக்கே ஓடும் நூல்) ஒன்றை உருவி, அது விட்ட கோட்டிலேயே வெட்டுங்கள். அப்போதுதான் துண்டு கோணாது. மீட்டருக்கு 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். இந்தக் கூடுதல், சோதனைத் துண்டு, கடைசி ஓரம் எல்லாம் போக 20 மீட்டர் தானில் விற்கக் கிடைப்பது சுமார் 19 மீட்டர். எனவே அடக்கவிலையை 19ஆல் வகுங்கள், 20ஆல் அல்ல. பலர் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

44 அங்குல அகலம், 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) துணி மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிராம். மூன்று மீட்டர் கவரோடு 500 கிராமுக்குள் அடங்கும், நான்கு அடங்காது. ஒரு பார்சலுக்கான செட்டை மூன்று மீட்டராகப் போடுங்கள், கூரியர் செலவு கட்டுக்குள் இருக்கும்.

வெளிமாநிலத்துக்கு அனுப்புவதானால் விற்பனை குறைவென்றாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். டியூப்லைட்டில் நீலம் வேறாகத் தெரியும். ஒவ்வொரு தானிலும் விரலளவு துண்டை, வாங்கிய தேதியோடு நோட்டில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ‘அதே நீலம் இன்னும் அரை மீட்டர்’ என்று ஒருவர் கேட்பார். புதுத் தானை அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.