ஏழாம் தேதியோடு நின்றுபோன திருவருகைக் காலம்

கேள்வி: எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். ஐந்து வருடமாகச் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. போன வருடம், கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கிற திருவருகைக் காலத்தில் தினமும் பிள்ளைகளோடு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, 24 நாளுக்கும் பட்டியல் போட்டேன். ஏழாம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வாரம், "அம்மா, இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுபடி தொடங்கவே பயமாக இருக்கிறது. எங்கள் தளத்தில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, பயப்படாமல் தொடங்குங்கள். மகள் ஒரு வாரம் விடாமல் கேட்டாள் என்றால், அந்த ஆறேழு நாளும் அவள் மனதில் நன்றாகப் பதிந்திருக்கிறது.

அவள் கேட்ட கேள்விக்கு வயது அதிகம். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விசெர்ன் என்ற போதகரிடம் பிள்ளைகள் நச்சரித்தார்களாம், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று. அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுதிரிகளை நட்டார். வாரநாளுக்குச் சின்னச் சிவப்புத் திரி, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளைத் திரி. மொத்தம் 20 சின்னது, 4 பெரியது. நம் கோயில்களில் நான்கு திரியோடு வைக்கும் திருவருகைக் கால வளையம் அதிலிருந்து வந்ததுதான்.

போன வருடம் நீங்கள் தடுமாறிய இடம் அந்தச் சக்கரத்தில் தெரிகிறது. 24 நாளுக்கும் பெரிய திரியே ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள். வேலைக்குப் போய் வரும் எந்த அம்மாவுக்கும் அது முடியாது. போதாததற்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேறு. நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிற பிள்ளையிடம் இன்றைக்குக் காகித நட்சத்திரம் ஒட்டச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும்.

அதனால் வாரநாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு, ஒரே இடம், ஒரே நேரம். காலித் தீப்பெட்டிகளை ஒரு அட்டையில் ஒட்டி எண் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஆனால் எல்லாச் சீட்டையும் முதல் நாளே எழுதி வைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி, வரப்போகிற வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள். யாருக்குப் பரீட்சை, யாருக்குச் சளி, உங்களுக்கு எந்த நாள் ஆபீஸில் நேரமாகும் என்பது அப்போதுதான் தெரியும். பரீட்சை நாளின் சீட்டில், "லைட்டை அணைத்து, திரி ஏற்றி, ஒரு பாட்டு" என்று இருந்தாலே போதும். ஊரில் பாட்டிக்குப் போன் போடுவது, வாட்ச்மேன் ஐயாவுக்கு மகன் கையால் டீ கொடுப்பது, கிறிஸ்மஸ் குடில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவது, எல்லாமே ஒரு சீட்டுக்குச் சரியான வேலை. கடையில் விற்கும் சாக்லேட் காலண்டரை நான் சொல்ல மாட்டேன். காத்திருக்கிற காலத்தில் பிள்ளைக்கு வாங்கிப் பழக்கினால் போதாது, கொடுத்தும் பழக வேண்டும்.

ஞாயிறுகளுக்குப் பெரிய வேலை. 2026-ல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அன்றைக்கு வளையம் செய்து முதல் ஊதாத் திரியை ஏற்றுங்கள். ஒரு தட்டில் மணல் பரப்பி நான்கு திரி நட்டு, சுற்றிலும் சவுக்குக் கிளை வைத்தால் வளையம் தயார்.

இரண்டாம் ஞாயிறு டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் நாள். ஜெர்மனியில் 5-ம் தேதி ராத்திரி பிள்ளைகள் வாசலில் ஷூவைத் துடைத்து வைப்பார்கள். விடிந்து பார்த்தால் உள்ளே கொட்டைகளும் ஆரஞ்சும் இருக்கும். உங்கள் மாடியில் எல்லா வீட்டுச் செருப்பும் வாசலில்தானே கிடக்கிறது! பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் செருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை உங்கள் பிள்ளைகள் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வரட்டும்.

மூன்றாம் ஞாயிறு 13, ரோஜா நிறத் திரி. குரோஷியாவிலும் ஹங்கேரியிலும் அதே தேதியில், புனித லூசியா நாளன்று, கோதுமை விதைப்பார்கள். நம் ஊரிலும் குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று தட்டில் கேழ்வரகு தூவுவது உண்டுதானே. கோதுமையை ராத்திரி ஊறப்போட்டு, தேங்காய் நார்த்தூளில் நெருக்கமாகத் தூவி, மேலே ஈரத் துணி போட்டு மூடுங்கள். முளை வந்ததும் துணியை எடுத்துவிடலாம். தினமும் தண்ணீர் தெளிப்பது மகன் வேலை. 24-ம் தேதிக்கு நாலு விரல் உயரம் நிற்கும். குடிலின் பொம்மை ஆட்டுக்குட்டிகளை அதற்குள் மேய விடலாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் வேண்டாம், ஒரே ஒரு சாயங்காலம், 19-ம் தேதி சனிக்கிழமை கூப்பிடுங்கள். நாகர்கோவில்காரர் நீங்கள், முந்திரிக்கொத்துதான் போட வேண்டும். சிறுபயறை வறுத்துப் பொடித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகை ஊற்றிக் கிளறும் வரை உங்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஆறிவிட்டால் உதிரும் என்பதால் அவசர அவசரமாக உருட்டுவார்கள். ஒருவன் கோலிக்குண்டு அளவு, இன்னொருத்தி எலுமிச்சை அளவு. திருத்தாதீர்கள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அரிசி மாவில் மும்மூன்றாக முக்கிப் பொரித்து, யார் உருட்டியது யாருக்கு என்று அடையாளம் பார்த்துக் கொடுத்தனுப்புங்கள். மார்கழி பிறந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் கோலம் போட உங்கள் மகளையும் அனுப்பி வையுங்கள்.

ஒரு நாள் தவறினால் தவறட்டும். அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துச் செய்யாதீர்கள். "நேற்று முடியல கண்ணு, இன்னைக்குச் செய்வோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போன வருடம் அவள் தினமும் வந்து நின்றது அந்த ஒரு பதிலுக்காகவும் இருக்கலாம்.

இன்னொன்று. குடிலில் தொட்டிலை முதல் நாளே வையுங்கள், காலியாக. யாருக்காவது ஒரு நல்லது செய்த அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு வைக்கோல் அதில் போடட்டும். 24 ராத்திரி குழந்தை இயேசுவை அதில் கிடத்துவது சின்னவன். வைக்கோலுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பழக்கடையில் பெட்டிக்குள் போட்டு வருவதில் ஒரு கைப்பிடி கேட்டால் சும்மாவே தருவார்கள்.